இடதுக்கு மூணு கிரீச்

க்ளச்ச முழுசா அமுத்துங்க டீச்சர். முழுசான்னா முழுசா. ஆங், அப்பிடித்தான். இப்ப ஒண்ணாவது கியரு. மெதுவா விடுங்க. மெதுவா… அணைஞ்சு போச்சு. பரவாயில்லீங்க, மொத நாளு அணையாம ஓட்டுனவங்க யாரும் இல்ல. மறுக்கா சாவியத் திருப்புங்க.

நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. சந்தப்பேட்டை மைதானம் இன்னைக்குக் காலியாக் கெடக்குது. திங்கக்கெழமன்னா மாடும் கன்னுமா கால் வெக்க எடமிருக்காது. இன்னைக்கு நீங்க இடிக்கணும்னு நெனச்சாலும் அந்த மாடு கட்டற கல்லு ரெண்டத் தவுத்து ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு கல்லையும் சுத்தித்தான் எட்டுப் போடப் போறோம். பயப்படாதீங்க. எனக்கும் இந்தப் பக்கம் ஒரு பிரேக்கு, ஒரு க்ளச்சு இருக்குது. நீங்க என்ன பண்ணுனாலும் நான் நிறுத்திருவேன்.

ஆமா, யாரு சொல்லி நம்ம ஸ்கூலுக்கு வந்தீங்க? பழனாத்தாக்காவா? தோட்டத்து ஊட்டுப் பழனாத்தாக்காவா? அட, அதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. ஸ்டியரிங் சத்தம் போட்ட கதையச் சொல்லுச்சா? சிரிக்கறீங்க. அப்ப சொல்லியிருக்குது. அதுல பாதி மெக்கானிக் ஆரோக்கியம் கட்டி உட்ட கதைங்க. ஊரெல்லாம் பரப்பி உட்டுட்டான். நான் நெசத்தச் சொல்றேன், ஓட்டீட்டே கேளுங்க.

இடது பக்கம் ஒடிங்க. இன்னும். இன்னும். விடுங்க, நான் புடிச்சுக்கறேன். ஆங், இப்பிடி.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க டீச்சர். இருவத்திரெண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். நாச்சிமுத்து ஸ்கூலுன்னா ஒரு கொள்கை உண்டு. ஓட்டறவங்க கையில இருக்கற ஸ்டியரிங்க நான் தொடவே மாட்டேன். மத்த ஸ்கூல்ல பாருங்க, வாத்தியாரே பக்கத்துல இருந்து ஓட்டிருவாரு, படிக்க வந்தவங்க கோயில் தேர்ல உக்காந்த சாமியாட்ட சும்மா போயிட்டு வருவாங்க. உங்களுக்குத் தெரியாததா? பையனோட கையப் புடிச்சே எழுதீட்டிருந்தா அவன் எந்தக் காலத்துல தனியா 'அ' போடறது? நேராப் புடிங்க, நேரா. கல்லு வருதுங்க, கல்லு வருது, குடுங்க இப்பிடி. ம். தப்பிச்சோம்.

பழனாத்தாக்கா சமாச்சாரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் கோர்வையாச் சொல்லிர்றேன். போன வருசம் ஆடி மாசம், அந்தக்காவோட ஊட்டுக்காரரு சென்னியப்பண்ணன் தண்ணி கட்டப் போனவரு வாய்க்கா மேட்டுலயே உழுந்துட்டாரு. பக்கவாதம். வலது கையி, வலது காலு வெளங்கல. பேச்சு சுத்தமா நின்னு போச்சு. வாரத்துக்கு மூணு நாளு டவுனுக்குக் கூட்டீட்டுப் போயி கை காலுக்குப் பயிற்சி குடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. உட்டுட்டா அப்பிடியே இறுகிப் போயிருமாம். ஊட்டுல காரு நிக்குது, ஓட்டறதுக்கு ஆளில்ல. மவ கல்யாணமாயி ஓசூர்ல இருக்குது. கொழுந்தனாரு இருக்காரு, அவருக்கு மனசு வந்தா வருவாரு, வரலைன்னா இல்ல. ரெண்டு வாரம் வந்தாரு, மூணாவது வாரம் 'வண்டி இங்க சும்மா நின்னா டயரு கெட்டுப் போகும், எங்க ஊட்டுலயே நிக்கட்டும்'னு ஆரம்பிச்சாரு.

அந்தக்கா அன்னைக்கே எங்கிட்ட வந்துருச்சுங்க. அம்பத்தாறு வயசு. மாட்டு வண்டி ஓட்டியிருக்குது, மத்தபடி சைக்கிள்கூட மிதிச்சதில்ல. 'நாச்சிமுத்து, எனக்குக் காரு ஓட்டச் சொல்லிக் குடு'ன்னுச்சு. புரட்டாசியில எல்.எல்.ஆர். போட்டோம். ஆறு மாசந்தான் அதுக்கு ஆயுசு. பங்குனி பத்தோட முடியுது. அதுக்குள்ளார டெஸ்ட் பாஸ் பண்ணணும். பண்ணலைன்னா மொதல்ல இருந்து. அதுக்குள்ள காரு கொழுந்தனாரு ஊட்டுக்குப் போயிரும், அண்ணன் கட்டல்லயே கெடப்பாரு. இதுதான் நெலம. அந்த எல்.எல்.ஆர். காயிதத்த அண்ணனோட மருந்துச் சீட்டு வெச்சிருக்கற கவர்லயேதான் வெச்சிருந்துச்சு அந்தக்கா.

கார்த்திகையில ஒருக்கா, மார்கழியில ஒருக்கா டெஸ்ட்டுக்குக் கூட்டீட்டுப் போனேன். ரெண்டு தடவையும் ஃபெயிலு. பிரேக் இன்ஸ்பெக்டரு இதே மைதானத்து ஓரமா நின்னு பாப்பாரு. நான் இதே சீட்டுல பக்கத்துல உக்காந்திருப்பேன். எறங்குனதும் என்னயப் பாத்து, 'வாத்தியாரே, டெஸ்ட்டு உங்களுக்கா, அந்தம்மாவுக்கா?'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. அந்தாளு கொஞ்சம் லொள்ளு புடிச்சவரு. அந்தக்காவுக்கு ஓட்ட வரல, அவ்வளவுதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்ன்னு சொல்லுவாங்கல்ல, அதாட்ட, 'நீ புடிக்கற புடியில வண்டி எங்க போகுதுன்னே தெரியல நாச்சிமுத்து'ன்னு அந்தக்கா எம்மேல பழியப் போட்டுச்சு. நானும் பெரிசு படுத்தல. பாவம், அதுக்கு இருக்கற கஷ்டத்துல ஏதோ சொல்லுது.

பிரேக்க மெதுவா வெய்யுங்க. ஆங். திரும்பவும் மொதல் கியரு.

இப்பத்தான் சத்தம் வருது கதைக்குள்ள. பொங்கலுக்கு மறு வாரம். இதே மைதானம். பழனாத்தாக்காதான் ஓட்டுது. இடது பக்கம் ஒடிச்சா 'கிரீச்'. நேராக்குனா சும்மா இருக்குது. வலது பக்கம் ஒடிச்சா மறுபடியும் 'கிரீச்'. பழைய கதவு தெறக்கறாப்புல. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சுங்க. இருவத்திரெண்டு வருசத்துல என்ற வண்டியில அனாவசியச் சத்தம்னு ஒண்ணு வந்ததில்ல. படிக்க வந்தவங்க என்ன நெனப்பாங்க? ஓட்ட வண்டிய வெச்சு ஓட்டக் கத்துத் தர்றான்னு நெனப்பாங்க.

சத்தம் எங்க வருதுன்னு கண்டுபுடிக்கறதுதான் பாதி ரிப்பேரு. அதைய மெக்கானிக்குகிட்ட உட்டா ஒவ்வொண்ணாக் கழட்டி மாத்தீட்டே இருப்பான். நானே கண்டுபுடிக்கறதுன்னு உக்காந்தேன். எல்லாம் முறையாப் பண்ணுனேன் டீச்சர். மொதல்ல எஞ்சின அணைச்சுப்போட்டு, நிக்கற வண்டியில ஸ்டியரிங்கத் திருப்பச் சொன்னேன். கிரீச். அப்ப எஞ்சின் பெல்ட்டுமில்ல, ஸ்டியரிங் ஆயிலுமில்ல. அப்பறம் ஜாக்கி போட்டு முன்னால ரெண்டு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தித் திருப்பச் சொன்னேன். அப்பவும் கிரீச். அப்ப டயரு தரையில தேயறதும் இல்ல. பானெட்டத் தெறந்து, ஸ்ப்ரிங்கு மேல கைய வெச்சுப் பாத்தேன், அதிர்வே இல்ல. அப்ப வெளியில எங்கயும் இல்ல. உள்ளார எங்கயோ இருக்குது.

உள்ளாரன்னா எப்பிடிக் கேக்கறது? கவுந்து கேக்கணும். இந்த சீட்டுக்கு முன்னால கால் வெக்கற எடம் இருக்குதுல்ல, இதுக்குள்ள தலைய உட்டுப் படுத்துக்குவேன். காத டேஷ்போர்டுக்கு அடியில ஒட்டி வெச்சுக்குவேன். என்ற காலு ரெண்டும் சீட்டு மேல, ஆகாசத்தப் பாத்துட்டு இருக்கும். கண்ண மூடிக்குவேன். 'நீங்க பாட்டுக்குத் திருப்புங்க'ன்னு சொல்லிருவேன்.

அந்தச் சீசன் பூரா அப்பிடித்தாங்க, டெஸ்ட்டுலயுங்கூட. தை, மாசி ரெண்டு மாசம். படிக்க வந்தவங்க எல்லாம் பதறுனாங்க. 'சார், எந்திரிச்சு வந்து புடிங்க, கல்லு வருது'ம்பாங்க. 'கல்லு வந்தா ஒடிங்க, எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க, நான் சத்தம் கேக்கறனில்ல'ம்பேன். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு, ஓட்டறவங்க மட்டுந்தான் தெரிவாங்க, பக்கத்து சீட்டுல ரெண்டு பாதம் தெரியும். யாரோ எங்க ஊட்டுல போயி, 'உங்கூட்டுக்காரருக்கு வண்டிக்குள்ள மயக்கம் வந்துருச்சு, காலு மேல நிக்குது'ன்னு சொல்லி, அவ தண்ணிச் சொம்பத் தூக்கீட்டு ஓடியாந்தா. என்ற காலத் தூக்கிப் புடிச்சு உள்ளங்காலத் தேய்ச்சு உட்டா. எனக்குக் கெட்ட கோவம். சரியா ஒரு கிரீச்சு வர்ற நேரம், காத வெச்சிருக்கேன், இவ கூச்சங்காட்டறா.

ஆனா ஒண்ணு நடந்துச்சு டீச்சர். இதைய நீங்க நல்லாக் கவனிக்கணும், நீங்களும் சொல்லிக் குடுக்கறவங்க. அந்த ரெண்டு மாசத்துல நம்ம ஸ்கூல்ல இருந்து டெஸ்ட்டுக்குப் போனவங்க பதினாலு பேரு. பதினாலும் பாஸு. இருவத்திரெண்டு வருசத்துல அப்பிடி நடந்ததே இல்ல. பாதிக்குப் பாதி தேறுனா அதிகம். எனக்குத் தலகாலு புரியல. உக்காந்து யோசிச்சேன். நான் சொல்லிக் குடுத்ததுல என்ன மாறியிருக்குது? ஒண்ணுமே மாறல. நான்தான் தலகீழாப் படுத்திருக்கேனே, சொல்லிக்கூடக் குடுக்கலையே. அப்ப என்ன மாறுச்சு?

சத்தம். சத்தம் ஒண்ணுதான் புதுசு.

பழனாத்தாக்காதான் அதைய வெளிய சொல்லுச்சு. தை மாசம் அண்ணனுக்கு நெஞ்சுச்சளின்னு ஆஸ்பத்திரியில வெச்சிருந்ததால டெஸ்ட்டுக்கு வர முடியல, மாசி பூரா எங்கூட ஓட்டுச்சு. ஒரு நாளு நான் அடியில கெடக்கறப்ப மேல இருந்து சொல்லுது, 'நாச்சிமுத்து, இடதுக்கு மூணு கிரீச்சு வந்தா கல்லச் சுத்தீருது. அப்பறம் அஞ்சு கிரீச்சு வலதுக்கு உட்டா அடுத்த கல்லு. நீ எந்திரிக்காத, அப்பிடியே படுத்துக்க, எனக்கு நல்லா வருது.' நான் தலையத் தூக்கிப் பாத்தேன். எட்டுன்னா எட்டு, கோலப்பொடியில போட்டாப்புல மண்ணுல சக்கரத் தடம். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. சத்தம் வழி காட்டுது பாருங்க.

அப்ப எதுக்குப் போயி அதைய ரிப்பேர் பண்ணுனேன்னு கேக்கறீங்களா? எம்புத்தி. வேறென்ன. அந்தக்காவுக்கு மாசிக் கடைசியில டெஸ்ட்டு. மொத நாளு ராத்திரி படுத்தவனுக்குப் பயம் புடிச்சுருச்சு. இத்தன நாளு ஓரமா நின்ன பிரேக் இன்ஸ்பெக்டரு காதுல உழுகல, நாளைக்கு உழுந்து, 'சத்தம் வர்ற வண்டியில டெஸ்ட்டு இல்ல'ன்னு திருப்பி அனுப்பீட்டா? அதான் விடிஞ்சதும் ஆரோக்கியத்துகிட்ட உட்டேன்.

அவன் நீட்டமா ஒரு ஸ்க்ரூ டிரைவரு வெச்சிருப்பான். நுனிய வண்டியில வெச்சுப்போட்டு, கைப்பிடியக் காதுல வெச்சுக் கேப்பான், டாக்டரு நெஞ்சுல வெச்சுக் கேக்கறாப்புல. நாலு எடத்துல வெச்சான். அஞ்சாவது எடம் ஸ்டியரிங் தண்டு. ஸ்டியரிங்குல இருந்து கீழ எறங்குதுல்ல, அந்தத் தண்டு. 'இதுக்குள்ளதாண்ணா'ன்னான். கழட்டுனான். உள்ள இருந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் எடுத்தான், மெட்டிக்குப் பெரிசு, வளையலுக்குச் சின்னது. தண்டு ஆடாம இருக்கறதுக்குப் போடற புஷ்ஷு. அதைய உள்ளங்கையில வெச்சுக் காட்டறான். ஒரு பக்கம் இன்னைக்கு வாங்குனாப்புல இருக்குது. இன்னொரு பக்கம் தேஞ்சு தேஞ்சு வெங்காயத் தொலியாட்ட ஆயிருச்சு.

அதோட உட்டிருந்தா அவன் நல்ல மனுசன். சொல்றான், 'நாச்சிமுத்தண்ணா, ஓட்டறவங்க திருப்பித் தேஞ்சா இது சுத்தியும் ஒண்ணாட்டத் தேயும். இது ஓட்டறவங்க தேச்சதில்லீங்க. இடது பக்கம் உக்காந்துட்டு யாரோ வருசக்கணக்கா ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்திருக்காங்க.'

'இடது பக்கம் யாருடா உக்காருவா?'ன்னு கேட்டேன். அவன் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னான்.

வலதுக்கு ஒடிங்க டீச்சர், வலதுக்கு. விடுங்க, கைய எடுங்க, நான் திருப்பிக்கறேன். நீங்க ஆக்ஸிலேட்டர மட்டும் பாத்துக்குங்க.

அந்த வார்த்தையத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் ஜீரணிக்க முடியல. ஸ்டியரிங்கத் தொடாதவன்னு பேரெடுத்த என்னயப் பாத்து. அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாதுங்கறது சரியாத்தான் இருக்குது. அந்தப் புஷ்ஷு ஏன் ஒரு பக்கம் தேஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துச் சன்னல் எப்பவும் தெறந்திருக்கும், சந்தப்பேட்டைத் தூசி பூரா இந்தப் பக்கமா வந்து அதுல அடிக்கும். அதான் காரணம். சொன்னேன். 'சரிங்கண்ணா, தூசிதான்'னு சொல்லிட்டு புதுப் புஷ்ஷு போட்டு, கிரீஸு வெச்சு மூடுனான். ஆனா சிரிச்சான். நான் பாத்தேன்.

சத்தம் போயிருச்சு. தலவலி போயி திருகுவலி வந்தாப்புல ஆச்சு கதை.

அன்னைக்கு மத்தியானம் டெஸ்ட்டு. வண்டி பூனையாட்டப் போகுது. சத்தமில்லைன்னா நான் எதுக்குக் கீழ படுக்கணும்? ஜம்முனு பக்கத்துல உக்காந்துட்டேன். பழனாத்தாக்கா ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு முழிக்குது. 'கிரீச்சக் காணமே நாச்சிமுத்து'ங்குது. மொதக் கல்லுல கொஞ்சம் தடுமாறுச்சு, நான் சும்மா ஒரு ரெண்டு வெரலக் குடுத்தேன், அவ்வளவுதான். ரெண்டாவது கல்லுலயும் ரெண்டு வெரலு. எறங்குனதும் இன்ஸ்பெக்டரு அதே கேள்வி, 'டெஸ்ட்டு உங்களுக்கா, அந்தம்மாவுக்கா?' ஃபெயிலு.

எல்.எல்.ஆர். முடியறதுக்குப் பத்து நாளுதான். ஒருக்கா ஃபெயிலானா ஏழு நாளு கழிச்சுத்தான் மறுக்கா டெஸ்ட்டு. அப்ப இருக்கறது ஒரே ஒரு வாய்ப்பு. அந்தக்கா அழுகலீங்க. வண்டிய உட்டு எறங்கி, மாடு கட்டற கல்லு மேல உக்காந்து, அந்தக் கவர மடியில வெச்சுட்டு, 'நேத்து அவரு வெரலு மூணு மடங்குச்சு நாச்சிமுத்து. பயிற்சி உட்டா அதும் போயிரும்'னுச்சு.  என்னாலதான் ஃபெயிலாச்சு. எனக்கே தெரியும். நான்தான சத்தத்த எடுத்தேன்.

நேரா ஆரோக்கியத்துகிட்டப் போனேன். 'அந்தச் சத்தத்தத் திருப்பி வெச்சுக் குடு'ன்னேன். அவன் என்னய ஏற எறங்கப் பாத்தான். 'முப்பது வருசமா சத்தத்த எடுக்கத்தாண்ணா படிச்சிருக்கேன், வெக்கப் படிக்கல'ன்னான். உடுவனா? பழைய புஷ்ஷக் குப்பையில இருந்து தேடி எடுத்து மாட்ட வெச்சேன். வரல. கிரீஸத் தொடச்சுப் பாத்தோம். வரல. நாலு மணல் போட்டுப் பாக்கலாம்னேன், அவன் புதுப் புஷ்ஷவே திருப்பி மாட்டி, சாவியக் கையில குடுத்து, 'போயிட்டு வாங்கண்ணா'ன்னுட்டான். வேண்டாங்கறப்ப ரெண்டு மாசம் கத்துச்சு. வேணுங்கறப்ப வாயே தெறக்கல.

மறுநாளு பழனாத்தாக்காதான் ஒரு வழி சொல்லுச்சு. நல்லா யோசிக்கற பொம்பளைங்க அது. 'நாச்சிமுத்து, வண்டி கத்தலைன்னா நீ கத்து'ன்னுச்சு.

'நானா?'

'நீதான். நான் திருப்பறப்ப நீ கிரீச்சுன்னு சொல்லு. ஆனா முன்னால உக்காந்து சொன்னா எனக்குச் சரியாக் கேக்காது. நீ பின்னாடி சீட்டுல உக்காந்துக்க.'

சரின்னேன். பின்னால போனேன். 'கைய ரெண்டையும் காதுல வெச்சுக்க'ன்னுச்சு. எதுக்குன்னு கேட்டேன். 'பாட்டுக்காரங்க காதுல கை வெச்சுத்தான பாடறாங்க, அப்பத்தான் சுருதி நிக்கும்'னுச்சு. அதுஞ்சரிதான்னு வெச்சுக்கிட்டேன். படிக்காத பொம்பளைக்கு எவ்வளவு ஞானம் பாருங்க.

ஆறு நாளு. ஆறு நாளும் இதே மைதானத்துல, நான் பின் சீட்டுல, ரெண்டு கையும் காதுல, கிரீச், கிரீச், கிரீச். மாட்டு யாவாரிக வந்து நின்னு பாத்தாங்க. ஒருத்தரு நம்ம ஸ்கூல்ல பாட்டும் சொல்லித் தர்றாங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. தொண்ட கட்டிக்கிச்சு, ஊட்டுல பாலும் மொளகும் வெச்சுக் குடுத்தா. எதுக்குன்னு அவகிட்டச் சொல்லல. சொன்னா மறுபடியும் உள்ளங்காலத் தேய்ப்பா. சில நேரம் இருமல் வந்து சத்தம் போட முடியாமப் போயிரும். அப்பவும் அந்தக்கா கரெக்டாத் திருப்பிரும். அவ்வளவு பதிஞ்சு போச்சு என்ற சத்தம் அந்தக்கா மனசுல.

டெஸ்ட்டு நாளு வந்துச்சு. பழனாத்தாக்கா நேரா இன்ஸ்பெக்டருகிட்டப் போயி, 'சார், நீங்க எம்பக்கத்துல உக்காந்து பாருங்க. வாத்தியாரு பின்னாடி உக்காந்துக்குவாரு'ன்னுச்சு. அவரு என்னயப் பாத்தாரு, அந்தக்காவப் பாத்தாரு, ஏறி உக்காந்தாரு. நான் பின்னாடி ஏறிக் காதுல கைய வெச்சேன்.

வண்டி கெளம்புச்சு. மொதக் கல்லு. இடதுக்கு. 'கிரீச்.' வாயத் தெறக்காம, உள்நாக்குலயே சொன்னேன், ஆறு நாளுப் பழக்கம். இன்ஸ்பெக்டரு தலைய நிமித்துனாரு. 'கிரீச், கிரீச்.' டேஷ்போர்டத் தட்டிப் பாத்தாரு. குனிஞ்சு கீழ பாத்தாரு. 'ஸ்டியரிங்ல சத்தம் வருதே'ன்னாரு. பழனாத்தாக்கா முன்னால பாத்த கண்ணு மாறாம, 'ஆமாங்க சார், கொஞ்ச நாளா இருக்குது'ன்னுச்சு. வலதுக்கு அஞ்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிட்டேன். நாலாவதுக்கு வாயெடுத்தேன், அவரு சடார்னு திரும்பி என்னயப் பாத்துட்டாரு. பயத்துல எச்சி முழுங்கிட்டேன். சத்தம் வரல. போச்சு, எல்லாம் போச்சுன்னு கண்ண மூடிட்டேன். குலசாமியக் கூப்புட்டேன். அண்ணனோட வெரலு, கொழுந்தனாரு, காரு, எல்லாம் கண்ணுக்குள்ள வருது. கண்ணத் தெறந்து பாக்கறேன், வண்டி ரெண்டாவது கல்லையும் சுத்தி, கோட்டுல வந்து நேரா நிக்குது.

பாஸு.

'நல்லா ஓட்டறீங்கம்மா'ன்னாரு. அப்பறம் எங்கிட்டத் திரும்பி ஒரு காயிதம் எழுதிக் குடுத்தாரு. என்ன எழுதியிருந்துச்சுங்கறீங்க? 'ஸ்டியரிங்கில் சத்தம் வருகிறது. பதினைந்து நாட்களுக்குள் சரிசெய்து வண்டியைக் காட்டவும்.' கையெழுத்து, சீலு.

கவருமெண்டு உத்தரவு, மீற முடியுமா? ஆரோக்கியத்துகிட்டக் கொண்டு போனேன். காயிதத்தப் படிச்சான். ஸ்க்ரூ டிரைவர எடுத்து ஒவ்வொரு எடமா வெச்சுக் கேட்டான். ஒண்ணுமில்ல. 'எங்கண்ணா சத்தம்?'னான். நான் என்னன்னு சொல்லுவேன்? சொல்லித்தான ஆகணும். சொன்னேன். அவன் காயிதத்த மடிச்சு எங்கிட்டயே குடுத்தான். அப்பறம் அந்த ஸ்க்ரூ டிரைவரு நுனியத் தொடச்சு என்ற தொண்டையில வெச்சு, கைப்பிடியக் காதுல வெச்சு, 'ஒருக்கா சொல்லுங்கண்ணா'ன்னான். அவன் லொள்ளுக்கு அளவே இல்ல. 'இதுக்குப் புஷ்ஷு கெடையாதுங்கண்ணா'ன்னு சொல்லி அனுப்பிட்டான். பதினஞ்சாவது நாளு வண்டியக் கொண்டு போயி நிறுத்துனேன். இன்ஸ்பெக்டரே ஏறி ஓட்டிப் பாத்தாரு. சத்தமே இல்ல. 'அருமையாச் சரி பண்ணியிருக்கீங்க, யாரு மெக்கானிக்கு?'ன்னு கேட்டாரு. இன்னைக்கு அவரு சொந்தக் காரையே ஆரோக்கியத்துகிட்டத்தான் உடறாரு. தொண்ட கட்டுனது எனக்கு, பேரு அவனுக்கு.

பழனாத்தாக்கா இப்ப வாரம் மூணு நாளு ஓட்டீட்டுப் போகுது. நீங்க பாத்திருப்பீங்க. கொழுந்தனாரு பல்லக் கடிச்சுட்டு ஒதுங்கிட்டாரு. போன மாசம் ஆஸ்பத்திரி வளைவுல நான் நிக்கறேன், அந்தக்கா வண்டி வருது. பக்கத்து சீட்டுல சென்னியப்பண்ணன். அந்தக்கா இடதுக்கு ஒடிக்குது. ஒடிக்கறப்ப அண்ணன், கோணுன வாயோட, 'கிரீச்'ங்கறாரு டீச்சர். ஆடியில இருந்து ஒரு சத்தம் வெளிய வராத மனுசன். அந்தக்கா ஊட்டுல திண்டு தலகாணியப் புடிச்சுட்டுத் திருப்பிப் பழகறப்ப கிரீச், கிரீச்சுன்னு சொல்லியிருக்குது, அவரு கட்டல்ல இருந்து கேட்டுட்டே கெடந்திருக்காரு. ஒவ்வொரு வளைவுக்கும் எண்ணி எண்ணிச் சொல்றாராம். மூணு சரியா வருதாம். டாக்டரே அசந்துட்டாராம். நான் நடு ரோட்டுல நின்னு அழுதேன். பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் நவுந்தேன்.

இடதுக்கு ஒடிங்க. குடுங்க இப்பிடி, நான்…

இருங்க. இருங்க டீச்சர். கேட்டுச்சா? மறுக்கா திருப்பறேன். கேட்டுச்சா?

கிரீச்சு. வந்துருச்சு பாருங்க. புதுப் புஷ்ஷு போட்டு வருசங்கூட ஆகல. இந்தக் காலத்துச் சாமானெல்லாம் அப்பிடித்தான். தூசியும் அதிகம். ஆனா உங்க யோகம், நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. நான் தொண்டையக் கெடுத்துக்க வேண்டியதில்ல, வண்டியே சொல்லிக் குடுத்துரும்.

ஏனுங்க, எதுக்கு நிறுத்திட்டீங்க? நானா? பின்னாடியா? சத்தந்தான் வண்டியிலயே வருதே, நான் எதுக்குங்க பின்னாடி?

பழனாத்தாக்கா சொல்லி உட்டுச்சா? எறங்கிப் போயி உக்காரச் சொல்லோணும், அப்பத்தான் ஓட்ட வரும்னு சொல்லுச்சா? ம். ரெண்டு சத்தமும் சேந்தா இன்னும் நல்லாக் கேக்குமோ என்னமோ. அந்தக்கா சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். சரி, வர்றேன் இருங்க. பிரேக்கு உங்க காலடியில மட்டுந்தான் இனி, பாத்துக்குங்க. மைதானம் காலி, பயமில்ல.

ஆங், உக்காந்துட்டேன். கெளப்புங்க. நீங்களே திருப்புங்க டீச்சர். ரெண்டு கையும் காதுலதான் வெச்சிருக்கேன், வேணும்னா கண்ணாடியில பாத்துக்குங்க.